கடன் கிடைக்கிறது, நேரத்துக்குக் கிடைக்கிறதா? கிராமத்துப் பெண்களும் குழுக் கடனும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெண்களுக்குக் கடன் கிடைப்பதில்லை என்று இன்றைக்கு யாரும் சொல்லிவிட முடியாது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 37,000 கோடி ரூபாய் வங்கிக் கடன் என்று மாநில அரசு இலக்கு வைத்தது. அடமானம் இல்லாமல் சிறு கடன் கொடுக்கும் நுண்நிதி நிறுவனங்கள் கொடுத்து நிலுவையில் இருக்கும் கடனைப் பார்த்தால், நாட்டின் முதல் இரண்டு மூன்று மாநிலங்களுக்குள் தமிழ்நாடு வந்துவிடுகிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் தமிழ்நாட்டுப் பெண்கள் 92 சதவீதம். இவ்வளவும் இருந்தும் வாரத் தவணை கட்டும் நாளில் பக்கத்து வீட்டில் கைமாற்று கேட்பதும், காதில் கிடக்கும் தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்குப் போவதும் நின்றபாடில்லை. ஏன்?

‘இந்தப் பெண்கள் தேவைக்கு மேல் கடன் வாங்குகிறார்கள்’ என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடனின் தொகையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்தப் பணம் எந்த நேரத்தில் வருகிறது, எந்தத் தவணையில் திரும்பிப் போகிறது, இந்த இரண்டையும் முடிவு செய்வது யார் என்று பார்த்தால் வேறு ஒரு காட்சி தெரியும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தருமபுரியில் தொடங்கியது

1969இல் வங்கிகள் நாட்டுடைமை ஆன பிறகுதான் கிராமத்துப் பக்கம் கிளைகள் பரவின. 1980இல் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் வந்தது. மானியத்தோடு மாடு, ஆடு, வண்டி என்று கடன் கொடுத்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை அதிகாரிகளும் ஊரில் செல்வாக்குள்ளவர்களும் முடிவு செய்தார்கள். கடன் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆணுக்குப் போனது. பெண்களுக்கென்று இத்தனை சதவீதம் என ஒதுக்கீடு பின்னால் வந்தது. பெயர் பெண்ணுடையதாக இருந்தாலும், வங்கிக்குப் போய்ப் பேசியவர் பெரும்பாலும் வீட்டு ஆண்தான்.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் உருவானது. 1989 செப்டம்பரில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்றைய தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களை அது அமைக்கத் தொடங்கியது. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. மழை பொய்த்தால் பிழைப்புத் தேடி பெங்களூருக்குப் போகும் ஊர்கள் அவை. பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று விரிந்தது. 1997-98 முதல் ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவத் தொடங்கியது. இதே காலத்தில் கர்நாடகத்தில் மைராடா போன்ற தொண்டு நிறுவனங்களும் இதே வழியைச் சோதித்துக்கொண்டிருந்தன. 1992இல் வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு, 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. பதிவு செய்யாத ஒரு குழுவின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், அடமானம் இல்லாமல் கடன் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்ததுதான் இதில் பெரிய மாற்றம். நிலமோ வீடோ தன் பெயரில் இல்லாத பெண்ணும் அதன்பிறகு வங்கிக்குள் போக முடிந்தது.

குழு வேலை செய்யும் விதம் எளிமையானது. 10 முதல் 20 பெண்கள் சேர்ந்து வாரம் தவறாமல் கூடுவார்கள். ஆளுக்குச் சமமாக ஒரு சிறு தொகை சேமிப்பார்கள். ஊக்குநர், பிரதிநிதி என்று இருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுப்பார்கள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்று வைத்தாலும், அந்த வட்டி வெளியே போகாமல் குழுவின் பொது நிதியிலேயே சேரும். தீர்மான நோட்டு, வருகைப் பதிவேடு, சேமிப்பு-கடன் பேரேடு எல்லாம் சரியாக இருந்தால், சில மாதங்களில் குழுவைத் தரம் பிரித்து வங்கிக் கடனுக்குப் பரிந்துரைப்பார்கள். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி முதல் கடன், குழுவின் மூலநிதியைப் போல 6 மடங்கு. குறைந்தது ஒன்றரை லட்சம் ரூபாய். ஒழுங்காகக் கட்டினால் அடுத்தடுத்த கடன் பெரிதாகும். அடமானம் கேட்காமல் ஒரு குழுவுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்கலாம் என்று 2021இல் ரிசர்வ் வங்கி உச்சவரம்பை உயர்த்தியது.

இதில் என்னை இன்றும் கவர்வது தொகை அல்ல. யாருக்கு முதலில், எவ்வளவு, எதற்கு என்று 12 பெண்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்களே, அதுதான். ஒருத்தியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, இன்னொருத்தி பிரசவத்துக்குப் போகிறாள், மூன்றாமவருக்கு விதை வாங்க வேண்டும். இவற்றை எடைபோடும் அதிகாரம் அதற்கு முன் கடன்காரரிடமோ கிளை மேலாளரிடமோதான் இருந்தது. கடனில் பங்கேற்பு என்றால் எனக்கு இதுதான் அர்த்தம். பயனாளிகள் பட்டியலில் பெண்களின் எண்ணிக்கை ஏறினால் மட்டும் போதாது.

அழகர்கோவில் பக்கத்துப் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை இதற்குச் சாட்சி. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. களஞ்சியம் என்ற பெயரில் இயங்கும் சுய உதவிக் குழுக்களின் தலைவியாக வளர்ந்தவர். குழு வந்த பிறகு கூலி, கண்மாய் மீன் குத்தகை என்று கடனுக்கு அப்பாலும் ஊரில் பேரம் பேசினார். டெல்லியில் விருது வழங்கியபோது அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியது நாடெங்கும் பேசப்பட்டது. 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சேமிப்பில் தொடங்கிய ஒரு குழு எங்கெல்லாம் போய் நிற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வங்கி வாசலில் நிற்கும் நாட்கள்

சரி, வழி இவ்வளவு நன்றாக இருக்கும்போது சிக்கல் எங்கே? பெரும்பகுதி, விண்ணப்பம் கொடுத்த நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் இருக்கிறது.

குழுக் கடனுக்கு எல்லா உறுப்பினர்களின் ஆதார், புகைப்படம், கையெழுத்து வேண்டும். கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆதாரில் அப்பா பெயர், ரேஷன் கார்டில் கணவர் பெயர் என்று ஒருவருக்கு முரண்பட்டாலும் எல்லாருடைய கடனும் நிற்கும். உறுப்பினர் ஒருவர் வேறெங்கோ தவணை தவறியிருந்து, கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் அது ஏறியிருந்தாலும் அதே கதைதான். மேலாளர் மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மார்ச் மாதம் இலக்கை முடிக்க அவசர அவசரமாகக் கடன் வரும். ஜூன் மாதம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் பணம் கேட்டால் ‘அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள். சில கிளைகளில் கடனோடு ஒரு காப்பீட்டுப் பாலிசியையும் தலையில் கட்டுவார்கள்.

இந்த அலைச்சலுக்கு யாரும் விலை போடுவதில்லை. 2025-26இல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய் என்று நிர்ணயித்திருந்தார்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து ஐந்து முறை வங்கிக்குப் போய் வந்தால் 3,360 ரூபாய் கூலி போச்சு. பஸ் காசு தனி. கடனுக்கான வட்டியில் இந்தத் தொகை எங்கும் காட்டப்படுவதில்லை. குழுவை நடத்தும் உழைப்பு முழுவதும் சம்பளமில்லாத பெண் உழைப்பு. வங்கிகள் கிராமத்தில் செய்ய வேண்டிய விசாரணை, வசூல், கணக்கு எழுதுதல் எல்லாவற்றையும் இந்தப் பெண்களே செய்து கொடுக்கிறார்கள். இதை நாம் ‘அதிகாரமளித்தல்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை.

பணம் வந்த பிறகும் ஒரு விஷயம் உண்டு. 5 லட்சம் வந்தால் பல குழுக்கள் அதைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. எல்லாருக்கும் பொறுப்பு சமம், ஆகவே பணமும் சமம் என்பது அவர்கள் நியாயம். ஆனால் மாடு வாங்க 60,000 வேண்டியவருக்கும் 40,000, அவசரம் எதுவும் இல்லாதவருக்கும் 40,000 என்றாகிறது. தேவையைப் பேசி முடிவு செய்யும் பழைய பழக்கம் அங்கே கரைந்துவிடுகிறது. தேவை அதிகமானவர் மீதிப் பணத்துக்கு வேறு இடம் தேடுகிறார்.

வீட்டு வாசலுக்கு வரும் கடன்

அந்த வேறு இடம்தான் நுண்நிதி நிறுவனங்களின் கூட்டுப் பொறுப்புக் குழு. ஊரில் இதையும் குழு என்றுதான் சொல்கிறார்கள். அமைப்பில் இது மகளிர் சுய உதவிக் குழுவுக்கு நேர் எதிர். இங்கே பொதுச் சேமிப்பு கிடையாது. உள்கடன் கிடையாது, தீர்மான நோட்டு கிடையாது. நிறுவனத்தின் ஊழியர் தெருவுக்கு வருகிறார், ஐந்து பத்துப் பெண்களைச் சேர்க்கிறார், சில நாட்களில் பணம் கணக்கில் ஏறுகிறது. கடன் தனித்தனி; பொறுப்பு கூட்டாக. ஒருவர் கட்டவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து போட்டுக் கட்ட வேண்டும். தொகை, தவணை, வட்டி எல்லாம் நிறுவனம் முடிவு செய்தது. பெண்கள் செய்வது ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பதும், வாரமானால் வசூலுக்கு உதவுவதும்.

வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 20 முதல் 26 சதவீதம் வரை இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபாயை 24 மாதத் தவணையில், குறைந்து வரும் அசலுக்கு 24 சதவீத வட்டி என்று வாங்கினால் மாதம் சுமார் 2,645 ரூபாய் கட்ட வேண்டும். மொத்த வட்டி 13,400 ரூபாய்க்கு மேல் வரும். அதே பணத்தை வங்கி 12 சதவீதத்துக்குக் கொடுத்தால் மொத்த வட்டி 6,500 ரூபாயைத் தாண்டாது. ஆக நிறுவனக் கடனுக்கு இரண்டு மடங்கு வட்டி. அப்படியும் ஏன் வாங்குகிறார்கள் என்றால், தண்டல்காரரோடு ஒப்பிட்டுத்தான். 10,000 என்று எழுதிக்கொண்டு 1,000 ரூபாயை முன்னமே பிடித்து 9,000 கொடுப்பார்; தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பார். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது 75 சதவீதத்துக்கும் மேலான வட்டி. மீட்டர் வட்டி, ரன் வட்டி எல்லாம் அதற்கும் மேலே. அந்தப் பக்கம் இது, இந்தப் பக்கம் ஐந்து முறை அலையவிடும் வங்கி. நடுவில் நாலு நாளில் வாசலுக்கு வரும் 24 சதவீதக் கடன். ஒரு பெண் நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பதில் அறியாமை எதுவும் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது.

ஆனால் திரும்பக் கட்டும்போது அந்தக் கணக்கு உதைக்கிறது. கறவை மாடு வாங்கக் கடன் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 லிட்டர் கறக்கிறது. 2023 டிசம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 38 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்த விலையில் நாளுக்கு 304 ரூபாய். தீவனம், மருத்துவம் என்று பாதியைக் கழித்தால் மாதம் 4,500 ரூபாய் நிற்கும். தவணை 2,645 போக ஏதோ கொஞ்சம் மிஞ்சும். சரி, மாடு வற்றிவிட்டால்? கன்று போடும்வரை இரண்டு மூன்று மாதம் ஒரு சொட்டுப் பால் கிடைக்காது, தீவனச் செலவு மட்டும் தொடரும், தவணையும் நிற்காது. நெல்லுக்கோ கடலைக்கோ வாங்கிய கடன் என்றால் இன்னும் மோசம். வருமானம் நாலைந்து மாதம் கழித்து மொத்தமாக வரும், முதல் தவணையோ அடுத்த வாரமே தொடங்கிவிடும். ஆக, கடனை அடைப்பது மாடோ பயிரோ அல்ல, அன்றாடக் கூலிதான். கூலி இல்லாத மழைக்காலத்தில் ஒரு நிறுவனத்தின் தவணையை அடைக்க இன்னொரு நிறுவனத்தின் கடன் வருகிறது. ஒரு வீட்டில் மூன்று நாலு ‘குழு’ சேர்வது இப்படித்தான்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து இசபெல் கெரானும் உடன் ஆய்வாளர்களும் விழுப்புரம், கடலூர் வட்டாரக் கிராமங்களில் பல ஆண்டுகள் கடனைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். நுண்கடன் வந்ததால் பழைய கடன்காரர்கள் காணாமல் போய்விடவில்லை, பல வகைக் கடன்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன, அவற்றைச் சுழற்றிச் சமாளிக்கும் பாரம் பெண்கள் தலையில் இறங்கியது என்பது அவர்கள் காட்டும் முக்கியமான உண்மை. ஹைதராபாத் குடிசைப் பகுதிகளில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் செய்த ஆய்வும் 2015இல் வெளிவந்தது. நுண்கடனால் சில தொழில்கள் விரிவடைந்தாலும், குடும்பத்தில் பெண்ணின் முடிவெடுக்கும் இடம் மாறியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது அது.

கடன் வாங்கியவர் ஒருவர், செலவு செய்தவர் வேறொருவர் என்ற கேள்வி பழையது. வங்கதேசக் கிராமங்களில் ஆன் மேரி கோட்ஸும் ரீனா சென் குப்தாவும் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் மூன்று கடன்களின் மேல் பெண்ணுக்கு ஓரளவு கட்டுப்பாடோ, மிகக் குறைந்த கட்டுப்பாடோ, அறவே இல்லாத நிலையோதான் இருந்தது. இதற்கு நைலா கபீர் மறுபக்கத்தையும் எடுத்து வைத்தார்: பணம் கணவர் கைக்குப் போனாலும், அதைக் கொண்டுவந்தவர் என்ற முறையில் வீட்டில் தன் பேச்சுக்கு மதிப்பு கூடியதாகப் பெண்களே சொன்னார்கள். இரண்டும் நம் ஊரிலும் நடக்கிறது. ஆட்டோவுக்கோ போர்வெல்லுக்கோ போன பணம் மொத்த வீட்டுக்கும் பயன்படலாம், அதில் தவறில்லை. ஆனால் ஆட்டோ கணவர் பெயரில், தவணை மனைவி பெயரில் என்று இருக்கும்போது, ஏதாவது ஆனால் சொத்து ஒரு பக்கமும் கடன் மறுபக்கமும் நிற்கும். கணவர் விட்டுப் போன பிறகும் தவணையைக் கட்டிக்கொண்டிருக்கும் பெண்களிடம் ‘வீட்டுக்குப் பொதுவான பயன்’ என்று சொல்லிப் பாருங்கள்.

ஆந்திராவும் விதிகளும்

2010இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் வசூல் நெருக்கடியும் தற்கொலைகளும் தலைப்புச் செய்தியாயின. ஒரு பெரிய நுண்நிதி நிறுவனம் அந்த ஆண்டுதான் பங்குச் சந்தையில் கோடிகளைத் திரட்டியிருந்தது. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, வசூல் முடங்கியது. இதை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு 2011 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது, அதே ஆண்டு ரிசர்வ் வங்கி நுண்நிதி நிறுவனங்களைத் தனி வகையாக வைத்து விதி செய்தது. ஆந்திராவில் வழி அடைபட்ட பிறகு இந்தத் தொழில் மற்ற மாநிலங்களில் வேகமாக வளர்ந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று.

2022 மார்ச்சில் விதிகளைத் திருத்தினார்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பது நுண்கடன். வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கூடாது. கடன் விவரம் முழுவதும் கொண்ட அட்டை கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் அடிக்கக் கூடாது. இரு தரப்பும் பேசி வைத்த இடத்தில்தான் வசூல். அங்கே அடுத்தடுத்து இரண்டு முறை வராமல் போனால் மட்டும் வீட்டுக்கு வரலாம். நல்ல விதிகள். கூடவே, அதுவரை இருந்த வட்டி உச்சவரம்பு எடுக்கப்பட்டது. வட்டியை அந்தந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவே நிர்ணயிக்கலாம் என்றாயிற்று. இது கடன் வாங்குபவர் மேல் போட்ட பாரம் என்றே நினைக்கிறேன். போட்டி வட்டியைக் குறைக்கும் என்று சொன்னார்கள். தெருவுக்கு நாலு நிறுவனம் வந்து, ஒரே பெண்ணுக்கு நாலு கடன் கொடுத்த இடங்களில் போட்டி கடனின் அளவைத்தான் கூட்டியது. 2024இல் நிறுவனங்களின் சங்கமே ஒருவருக்கு நாலு நிறுவனத்துக்கு மேல் கூடாது, 2 லட்சத்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு போட்டு, 2025 ஏப்ரலிலிருந்து அதை மூன்று நிறுவனமாகக் குறைத்ததிலிருந்தே நிலைமை எவ்வளவு தூரம் போயிருந்தது என்று தெரியும்.

50 சதவீத விதியிலும் ஓட்டை இருக்கிறது. கூலி வேலை செய்யும் வீட்டின் மாத வருமானம் எவ்வளவு? தை மாதம் ஒன்று, ஐப்பசியில் வேறு. படிவத்தில் ஊழியர் ஒரு தொகையை நிரப்புகிறார், அது தவணைக்குப் பொருந்தும்படி இருக்கிறது.

கொரோனா ஊரடங்கில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வேண்டுமா வேண்டாமா என்று கடன் வாங்கியவர் முடிவு செய்ய வேண்டியது. பல ஊர்களில் அந்தத் தகவலே முழுதாக வந்து சேரவில்லை. ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி ஏறியது. வேலையே இல்லாத நேரத்தில் வசூலுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தவர்களை எதிர்த்து மாதர் சங்கங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மனுக் கொடுத்தன. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலிருந்தே இருக்கிறது. 2025 ஏப்ரலில், கடனை வற்புறுத்தி வசூலிப்பதைக் குற்றமாக்கும் புதிய சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. தேவையான சட்டம். ஆனால் தவணை வருமானத்தோடு பொருந்தாத வரை நெருக்கடி தொடரும். சட்டம் அது வெடிக்கும் இடத்தில் மட்டுமே வந்து நிற்க முடியும்.

நிலமும் நகையும்

நாட்டிலேயே மலிவான கடன் பயிர்க்கடன். கிசான் கடன் அட்டையில் தவறாமல் கட்டினால் 4 சதவீதம். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் உரிய காலத்தில் கட்டினால் வட்டியே இல்லை. அறுவடைக்குப் பிறகு மொத்தமாகக் கட்டலாம். அடமானம் இல்லாமல் 2 லட்சம் வரை என்று 2025 ஜனவரியிலிருந்து வரம்பையும் உயர்த்தினார்கள். தவணை, வட்டி, காலம் எல்லாமே விவசாயத்துக்கு ஏற்றபடி அமைந்த கடன் இது ஒன்றுதான். ஆனால் இதற்குச் சிட்டா, அடங்கல் வேண்டும். பட்டா பெயரில் இருக்க வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பெண்கள் பெயரில் இருந்த சாகுபடி நிலவுடைமைகள் சுமார் 14 சதவீதம். நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். விவசாயி என்ற காகிதம் ஆணிடம். தமிழ்நாடு 1989இலேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்த மாநிலம். நாடு முழுமைக்கும் அது 2005இல்தான் வந்தது. சட்டம் வந்து ஒரு தலைமுறை போய்விட்டது, பாகப்பிரிவினையின்போது ‘சீர் செய்தாச்சே’ என்று தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. மலிவான கடன் ஆணுக்கும், விலை கூடிய கடன் பெண்ணுக்கும் போவதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. பெண்ணின் பெயரில் அரை ஏக்கர் பட்டா இருந்தால், எத்தனை வாரத் தவணைகள் தேவைப்படாமல் போயிருக்கும்!

பட்டா இல்லாதவருக்கு நகை. தமிழ்நாட்டில் பெண்ணின் கையில் இருக்கும் உண்மையான அடமானம் அதுதான். ஒரு மணி நேரத்தில் பணம், கேள்வி கிடையாது. 2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுன் வரையிலான நகைக் கடனையும், சுய உதவிக் குழுக்களின் கூட்டுறவுக் கடன் சுமார் 2,756 கோடி ரூபாயையும் மாநில அரசு தள்ளுபடி செய்தது. பல வீடுகளுக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்தது, மறுக்க முடியாது. ஆனால் தள்ளுபடி கூட்டுறவுக் கடனுக்கு மட்டும்தான் முடியும். 24 சதவீதத்துக்கு வாரம் கட்டிக்கொண்டிருந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. யாருக்கு மிக நெருக்கடியோ அவரை எட்டாத உதவி அது.

இன்னும் எட்டாதவர்களும் இருக்கிறார்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் ஆறு மாதம் ஊரைவிட்டுப் போகும் குடும்பத்துப் பெண், வாரக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? குத்தகைக்குப் பயிர் செய்யும் பெண்ணிடம் ஒப்பந்தக் காகிதம் கிடையாது. 60 வயதைக் கடந்தவரைக் காப்பீடு கிடைக்காது என்று நிறுவனங்கள் ஒதுக்குகின்றன. கணவர் அல்லது மகன் கையெழுத்து வேண்டும் என்று கேட்கும் இடத்தில், தனித்து வாழும் பெண் தயங்கி நிற்கிறார். சேமிக்கக்கூட முடியாத அளவுக்கு ஏழையான பெண்ணை, ‘இவரால் நமக்குத் தரம் குறையும்’ என்று குழுவே சேர்க்காமல் விடுவதும் உண்டு. காலனித் தெருவுக்குத் தனிக் குழு, ஊர்த் தெருவுக்குத் தனிக் குழு என்பது பல இடங்களில் எழுதாத விதி.

எதை எண்ணுகிறோம்

ஒவ்வோர் ஆண்டும் இலக்கு எத்தனை கோடி, சாதித்தது எத்தனை கோடி என்று அறிவிக்கிறோம். மாநில வங்கியாளர் குழுவும் மாவட்டத்து முன்னோடி வங்கியும் அந்தக் கோடிகளைத்தான் ஆராய்கின்றன. விண்ணப்பம் கொடுத்த தேதி, பணம் ஏறிய தேதி என்ற இரண்டையும் கிளைவாரியாக வட்டார வங்கியாளர் கூட்டத்தில் வைக்கச் சொன்னால் போதும், எந்தக் கிளை பெண்களை அலையவிடுகிறது என்பது வெளியே தெரிந்துவிடும். சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைக் கேட்கும் உரிமையோடு இருக்க வேண்டும். இதற்குப் புதுத் திட்டமோ புது நிதியோ தேவையில்லை.

அவசரச் செலவுக்கு ஒரு வழி ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2019-20 மத்திய நிதிநிலை அறிக்கையில், ஜன் தன் கணக்கு வைத்திருக்கும் சரிபார்க்கப்பட்ட குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கணக்கில் இருப்பதற்கு மேல் 5,000 ரூபாய் வரை எடுத்துக்கொள்ளும் வசதி என்றார்கள். குழுவுக்கு ஒரு பெண்ணுக்கு ஒரு லட்சம் வரை முத்ரா கடன் என்றும் சொன்னார்கள். காய்ச்சலுக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் அந்த 5,000 கேட்டவுடன் கிடைத்தால், தண்டல்காரரிடம் போகும் தேவையே பாதி குறைந்துவிடும். குழுக் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்; உங்கள் கிளையில் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் எழுத்தில் கேளுங்கள். தவணையைப் பொறுத்தவரை, பால் பணம் வரும் வீட்டுக்கு வாரமோ மாதமோ சரி; பயிருக்கு அறுவடைக்குப் பின்; ஆட்டுக்கு விற்பனைக்குப் பின் என்று கடன் பத்திரத்திலேயே எழுதும்படி கேட்க வேண்டும். சுய உதவிக் குழுவின் உள்கடனில் இதைப் பெண்கள் தாங்களே பேசி வைத்துக்கொண்டவர்கள்தான்.

நிறுவனக் கடன் வாங்கும்போது விவர அட்டையைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். மொத்தம் எவ்வளவு கட்டப் போகிறோம் என்ற ஒரு தொகையை மட்டுமாவது அதில் பாருங்கள். மிரட்டல் வந்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எப்படி என்று கேட்க 14448 என்ற எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.